ஆறு காட்டும் வழி: ரேசியா ஏரியிலிருந்து மான்டோவா வரை மிதிவண்டியில் செல்வது எப்படி

வட இத்தாலியில் மிதிவண்டிப் பயணம் திட்டமிடுவோர் பெரும்பாலும் தாம் பார்க்க விரும்பும் ஊர்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே அவற்றை இணைக்கும் சாலைகளைத் தேடுகிறார்கள். மலைகள் நிறைந்த நாட்டில் அப்படித் திட்டமிட்டால் ஒவ்வொரு நாளும் ஏதேனும் ஒரு கணவாயை ஏறிக் கடக்க நேரும். நான் பரிந்துரைப்பது வேறொரு முறை. முதலில் ஓர் ஆற்றைத் தேர்ந்தெடுங்கள்; அது பிறக்கும் இடத்துக்கு ரயிலில் செல்லுங்கள்; அதன் போக்கிலேயே இறங்கி வாருங்கள். பாதையை ஆறே வகுத்து வைத்திருக்கிறது. நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை எந்த மாதம், எந்த நேரம், எந்த ஓரிரு இடங்களில் ஆற்றைவிட்டு விலகுவது என்பவை மட்டுமே.

இந்த முறைக்கு மிகவும் பொருத்தமான பாதை, ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய ரேசியா ஏரியில் தொடங்கி, அடிஜே ஆற்றுடன் மெரானோ, பொல்சானோ, ட்ரென்டோ நகரங்களைக் கடந்து, மோரி என்னும் ஊரில் ஆற்றைவிட்டுப் பிரிந்து கார்டா ஏரியை அடைந்து, அந்த ஏரியின் தென்முனையிலிருந்து வெளியேறும் மிஞ்சோ ஆற்றுடன் மான்டோவா வரை செல்லும் பாதையாகும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 320 கி.மீ. தொடக்கப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும், முடிவு சுமார் 20 மீட்டர் உயரத்திலும் உள்ளன. வேகமாக ஓட்டுபவர் நான்கு நாட்களில் முடித்துவிடலாம். ஆறு நாட்கள் எடுத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து. ஏனெனில் இந்தப் பாதையில் நிற்க வேண்டிய இடங்கள் பல.

புறப்படும் முன்

ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் முழுவதும் இப்பயணத்துக்கு ஏற்ற காலங்கள். ஏப்ரலில், ரேசியாவுக்கும் மெரானோவுக்கும் இடையிலுள்ள வெனோஸ்டா பள்ளத்தாக்கில் ஆப்பிள் மரங்கள் பூத்திருக்கும். செப்டம்பரில் அவற்றின் அறுவடை நடக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மலைப்பகுதியில் மாலைநேர இடிமழையும், கார்டா கரையில் அளவுக்கு மீறிய கூட்டமும், மான்டோவா சமவெளியில் புழுக்கமும் கொசுக்களும் இருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலியின் பெரிய விடுமுறை நாள். அதை ஒட்டிய இரு வாரங்களில் ஏரிக்கரையில் முன்பதிவு இல்லாமல் அறை கிடைப்பது மிகவும் கடினம்.

வண்டியைப் பொறுத்தவரை, சாதாரணச் சாலை மிதிவண்டியே போதும். பாதையின் பெரும்பகுதி தார் போட்டது. ஆனால் சில இடங்களில் மண்ணும் சரளையும் வருவதால் 28 அல்லது 32 மி.மீ. அகலமுள்ள டயர்கள் நல்லது. பயணச் சுமையுடன் செல்பவர்களுக்குக் குறைந்த கியர்கள் இரண்டு மூன்று கூடுதலாக இருப்பது மோரிக்கு அப்பால் பயன்படும். வாடகை வண்டி எடுப்பவர்கள் புறப்படும் முன் எந்தக் கைப்பிடி முன்சக்கர பிரேக்கை இழுக்கிறது என்று நிறுத்தி வைத்தே சோதித்துப் பாருங்கள். ஐரோப்பிய வண்டிகளில் அது நமக்குப் பழகிய கையில் இல்லாமல் போகலாம். ஒரு செங்குத்தான இறக்கத்தில் அதைக் கண்டறிவது ஆபத்து. தமிழகத்திலும் இலங்கையிலும் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள், வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதைக் காலையில் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும், ஆளற்ற சந்திப்புகளில் திரும்பும் ஒவ்வொரு முறையும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வது நல்லது. வாகனம் நிறைந்த சாலையில் மற்றவர்களைப் பார்த்துப் பின்தொடர்ந்துவிடுவோம். வெறிச்சோடிய கிராமச் சாலையில்தான் பழைய பழக்கம் திரும்பி வருகிறது.

இத்தாலியின் வட்டார ரயில்களில், மிதிவண்டிச் சின்னம் இட்ட பெட்டிகளில், வண்டியைக் கழற்றாமல் ஏற்றிச் செல்லலாம்; அதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். அதிவேக ரயில்களில் வண்டியை மடித்தோ கழற்றியோ பையில் கட்டினால்தான் அனுமதி. ஆகவே மிலான், வெனிஸ் போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள் வட்டார ரயில்களைக் கோத்து வெரோனா வழியாக பொல்சானோவை அடைந்து, அங்கிருந்து மெரானோவுக்கும், மெரானோவிலிருந்து மாலெஸ் ஊருக்கும் செல்ல வேண்டும். மெரானோ–மாலெஸ் ரயில்பாதை மூடப்பட்டுக் கிடந்து 2005-இல் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று அப்பள்ளத்தாக்கின் மிதிவண்டிப் பயணங்களுக்கெல்லாம் அதுவே முதுகெலும்பு. கோடைகால வார இறுதிகளில் அந்த ரயிலில் வண்டிகளுக்கு இடம் விரைவில் நிரம்பிவிடும் என்பதால் வாரநாளில், அதுவும் காலையில் ஏறுவது நல்லது. மெரானோவும் பொல்சானோவும் அடங்கிய தென் டிரோல் மாநிலத்தில் ரயில் நிலையங்களை ஒட்டியே வாடகை நிலையங்கள் உள்ளன; ஓர் ஊரில் வண்டி எடுத்து வேறோர் ஊரில் திருப்பித் தரலாம்.

அந்த மாநிலத்தில் ஜெர்மனும் இத்தாலியமும் ஆட்சிமொழிகள் என்பதால் ஊர்களுக்கெல்லாம் இரண்டு பெயர்கள் உண்டு. மாலெஸ் ஊரின் மறுபெயர் மால்ஸ், பொல்சானோவே போட்ஸன், அடிஜே ஆறு எட்ச் எனப்படும். பயணக் குறிப்பில் இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் பலகையில் மிதிவண்டிப் பாதையை இத்தாலியத்தில் சிக்லாபிலே என்றும் ஜெர்மனில் ராட்வேக் என்றும் எழுதியிருப்பார்கள்.

ரேசியாவிலிருந்து மெரானோ வரை

மாலெஸ் நிலையத்தில் இறங்கியவுடன் கீழ்நோக்கிப் புறப்பட்டுவிடுவதே பலரின் வழக்கம். அவ்வாறு செய்தால் ஆறு பிறக்கும் இடத்தைக் காணாமல் போய்விடுவீர்கள். மாலெஸிலிருந்து ரேசியா ஏரி வரை உள்ள ஏற்றம் சுமார் 450 மீட்டர். நிதானமாக ஏறினால் அரைநாளில் போய்ச் சேரலாம். முதல் நாளை இதற்கென ஒதுக்கி, ஏரிக்கரையில் தங்கி, மறுநாள் காலையில் இறங்கத் தொடங்குங்கள்.

ரேசியா ஏரி இயற்கையாக உண்டானது அன்று. மின்சாரத்துக்காக அணை கட்டி, முன்பிருந்த சிறிய ஏரிகளின் நீர்மட்டத்தை உயர்த்தியதால் 1950-இல் இன்றைய வடிவம் பெற்றது. அப்போது கூரோன் என்னும் கிராமம் முழுவதும் நீருக்குள் போயிற்று. வீடுகள் இடிக்கப்பட்டு மக்கள் வெளியேற்றப்பட்டனர். 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தேவாலய மணிக்கோபுரத்தை மட்டும் இடிக்காமல் விட்டார்கள். அது இன்றும் கரைக்கு அருகே நீரின் நடுவே நிற்கிறது. பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடமாக அது மாறிவிட்டது என்றாலும், ஊரை இழந்தவர்களின் வழித்தோன்றல்கள் கரையில் எழுந்த புதிய கூரோனில் வாழ்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து அங்கே சற்று அமைதியாக நிற்பது தகும். ஏரியைச் சுற்றிவரச் சுமார் 15 கி.மீ. பாதை உண்டு, அணைக்குக் கீழே மூட்டா என்னும் சிறிய இயற்கை ஏரியும் உள்ளது.

மூட்டா ஏரியிலிருந்து புர்குசியோ வரை உள்ள இறக்கம் மிகவும் செங்குத்தானது. இரண்டு பிரேக்குகளையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். தொடர்ந்து பிடித்தால் வட்டுகளும் விளிம்புகளும் சூடேறும். கீழே இறங்கியதும் குளோரென்ஸா வரும். ஆயிரம் பேர்கூட வாழாத இச்சிற்றூரைச் சுற்றி மதிலும் வாயிற்கோபுரங்களும் முழுமையாக நிற்கின்றன. அருகிலுள்ள பிராடோவிலிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகளுடன் 2,757 மீட்டர் உயரமுள்ள ஸ்டெல்வியோ கணவாய்க்குச் சாலை பிரிகிறது. அதில் ஏற விரும்புவோர் அதற்கென ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஆற்றுப் பயணத்தின் நடுவே அரைநாளில் முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

இதற்கு அப்பால் லாசா, சிலான்ட்ரோ வழியாக ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே பாதை செல்கிறது. லாசா வெள்ளைச் சலவைக்கல்லுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆல்ப்ஸ் மலையில் மிகவும் வறண்ட பள்ளத்தாக்குகளுள் வெனோஸ்டா ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 500 மி.மீ. மழையே பெய்கிறது. இவ்வளவு தோட்டங்கள் எப்படி வளர்ந்தன என்ற வினாவுக்கு விடை, மலைச்சரிவுகளில் உழவர்கள் பல நூற்றாண்டுகளாக வெட்டிப் பராமரித்துவரும் வாய்க்கால்களில் இருக்கிறது. வால் என்று உள்ளூர் ஜெர்மனில் அவற்றுக்குப் பெயர். பனியாறுகளின் உருகுநீரை அவை சரிவின் குறுக்கே மெல்லக் கொண்டு வருகின்றன. வாய்க்கால் ஓரமாக நடைபாதைகள் உண்டு. அவை நடப்பவர்களுக்கானவை, வண்டி ஓட்டக் கூடாது. பூக்கும் பருவத்தில் உறைபனி விழும் இரவுகளில் பூக்களின் மேல் நீர் தெளித்துப் பனிக்கட்டி உறையை உண்டாக்குவது இங்குள்ள பாதுகாப்பு முறை. உறையும் நீர் வெளியிடும் வெப்பம் மொட்டைக் காக்கிறது. அத்தகைய விடியலில் பாதையும் வழுக்கும் என்பதால் வெயில் ஏறிய பின்னரே புறப்படுங்கள். பூச்சிமருந்து தெளிக்கும் வண்டி தோட்டத்தில் ஓடுவதைக் கண்டால் சற்று தொலைவிலேயே நின்று, அது கடந்த பின் செல்லுங்கள்.

மெரானோவுக்குச் சற்று முன் ஆறு திடீரென ஒரு பெரிய படியிறங்குகிறது. பாதையும் அதனுடன் அடுக்கடுக்கான வளைவுகளில் இறங்குகிறது. எதிரே ஏறி வருபவர்கள் வளைவின் உட்புறத்தில் தள்ளாடக்கூடும்; வேகத்தை அடக்கிச் செல்லுங்கள்.

மெரானோவிலிருந்து ட்ரென்டோ வரை

இங்கிருந்து பாதை சமதளம். மெரானோ 325 மீட்டர், பொல்சானோ 262 மீட்டர், ட்ரென்டோ 194 மீட்டர் உயரத்தில் உள்ளன. ஆனால் சமதளம் என்பதற்காக எளிது என்று எண்ணிவிடக் கூடாது. இப்பகுதியில் காற்று ஒரு மலைக்கு ஈடு.

கார்டா ஏரியில் இரண்டு காற்றுகள் முறைவைத்து வீசுகின்றன. பின்னிரவிலும் காலையிலும் வடக்கிலிருந்து வருவது பெலேர். நண்பகலையொட்டித் தெற்கிலிருந்து எழுவது ஓரா. காலையில் மலையிலிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. வெயில் ஏறிப் பள்ளத்தாக்குகள் சூடானதும் சமவெளிக் காற்று மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. தெளிந்த நாட்களில் ஓரா ஏரியோடு நிற்பதில்லை. அது மலை இடைவெளிகள் வழியே ட்ரென்டோ வரை சென்று அடிஜே பள்ளத்தாக்கிலும் பரவுகிறது. தெற்கு நோக்கிச் செல்லும் நமக்குப் பிற்பகல் ஓரா நேரெதிர்காற்று. ஆகவே இப்பயணத்தின் ஒரே கடுமையான விதி இது: காலை ஏழு மணிக்கு முன் சக்கரம் உருள வேண்டும், பிற்பகல் ஒரு மணிக்குள் அன்றைய தொலைவின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும். நண்பகலுக்குப் பின் புறப்பட்டவர் கரைமேட்டின் மேல் ஒதுங்க நிழலோ மறைப்போ இல்லாமல் மணிக்குப் பதினைந்து கி.மீ. வேகத்தில் போராட நேரும்.

பொல்சானோவில் இசார்கோ ஆறு அடிஜேயுடன் கலக்கிறது. நகரத்துக்குள் பல மிதிவண்டிப் பாதைகள் குறுக்கிடுவதால் பலகைகளைக் கவனியுங்கள். இங்கிருந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஆற்றின் கரைமேட்டில் நேராகத் தெற்கே செல்வது. மற்றொன்று, பழைய ரயில்பாதையின் தடத்தில் போடப்பட்ட பாதையில் அப்பியானோ வழியாக ஏறிக் கால்டாரோ ஏரிக்குச் சென்று, டெர்மேனோ ஊர் வழியாக மீண்டும் ஆற்றுக்கு இறங்குவது. இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள். ரயிலுக்காக அமைத்த தடமாகையால் ஏற்றம் மென்மையானது. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள கால்டாரோ ஏரி ஆழம் குறைந்தது; ஆல்ப்ஸ் ஏரிகளில் நீர் மிகவும் வெதுவெதுப்பாக இருப்பவற்றுள் ஒன்று. நீந்தத் தெரிந்தவர்கள் இந்தப் பயணத்தில் முதன்முதலாக நடுங்காமல் நீரில் இறங்கலாம். ஏரியின் ஒரு கரையில் நாணல் காடு பாதுகாக்கப்படுகிறது. குளிப்பதற்கென ஒதுக்கிய இடங்களை மட்டுமே பயன்படுத்துங்கள்.

சலோர்னோவில் பள்ளத்தாக்கு குறுகுகிறது. அங்கே ஜெர்மன் மொழி நின்று இத்தாலியம் தொடங்குகிறது. பலகைகளில் இரட்டைப் பெயர்கள் மறைகின்றன. ட்ரென்டீனோ மாநிலத்தில் மிதிவண்டிப் பாதைகளை ஒட்டியே பிசிகிரில் எனப்படும் உணவு நிலையங்கள் உள்ளன. பஞ்சர் ஒட்டும் கருவிகளும் காற்றடிக்கும் பம்பும் பெரும்பாலும் அங்கே கிடைக்கும். ஆறு இங்கே கோடு போட்டதுபோல் நேராக ஓடுவதைக் காண்பீர்கள். சதுப்பாகவும் வெள்ளக்காடாகவும் இருந்த பள்ளத்தாக்கை உலர்த்துவதற்காக 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றின் வளைவுகளை வெட்டி நேராக்கிக் கரைகளை உயர்த்தினார்கள். நீங்கள் ஓட்டிச் செல்லும் மேடு அந்த வேலையின் பயன்தான். பாலங்களுக்கு அடியில் பாதை தாழ்ந்து செல்லும் இடங்களில் கனமழைக்குப் பின் சேறு படிந்திருக்கும். அங்கு இறங்கித் தள்ளிச் செல்வது நல்லது.

வேகமாக ஓட்டும் பயிற்சிக் குழுக்களுக்கு ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்பாதையில் குழந்தைகளும் முதியவர்களும் நாய்களும் வருவார்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் அவர்களுக்கிடையே புகுந்து செல்வது முறையன்று. இணையாகச் செல்லும் 12-ஆம் எண் நெடுஞ்சாலையோ லாரிகள் நிறைந்தது. வேகம் வேண்டுவோர் ஆற்றின் மேற்குக் கரையில் கால்டாரோ, டெர்மேனோ ஊர்களை இணைக்கும் திராட்சைத்தோட்டச் சாலையில் செல்லலாம்.

ஆற்றைவிட்டு ஏரிக்கு

ட்ரென்டோவிலிருந்து ரோவெரெட்டோ வழியாக மோரி வரை சுமார் 30 கி.மீ. மோரியில் பாதை ஆற்றைவிட்டு மேற்கே திரும்புகிறது. சான் ஜொவான்னி கணவாயின் உயரம் 287 மீட்டர். மோரியிலிருந்து ஏற வேண்டியது நூறு மீட்டருக்கும் குறைவு. தனி மிதிவண்டிப் பாதையும் உண்டு. ஆனால் இந்தச் சிறிய ஏற்றத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. 1439-இல் மிலான் படைகளுடன் போரிட்ட வெனிஸ் குடியரசு, கார்டா ஏரிக்குள் கடற்படையைக் கொண்டுசெல்ல வேறு வழியின்றி, கப்பல்களை அடிஜே ஆற்றின் வழியே எதிரோட்டத்தில் ஏற்றி, மோரி அருகே கரையேற்றி, எருதுகளைப் பூட்டி இதே சரிவில் இழுத்துச் சென்று, தோர்போலேயில் ஏரிக்குள் இறக்கியது. சுமை நிறைந்த வண்டியுடன் இந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

வழியில் லோப்பியோ என்னும் இடத்தில், ஏரி என்று பழைய வரைபடங்கள் காட்டும் இடம் நாணலும் புல்லுமாகக் கிடப்பதைக் காண்பீர்கள். அடிஜே வெள்ளத்தை கார்டா ஏரிக்குத் திருப்பிவிட ஏறத்தாழ 10 கி.மீ. நீளமுள்ள சுரங்கம் மலைக்குள் குடையப்பட்டு 1959-இல் முடிக்கப்பட்டது; அந்த வேலையின்போது லோப்பியோ ஏரியின் நீர் வடிந்துபோயிற்று. இப்போது அது காக்கப்பட்ட ஈரநிலம். பெருமழைக் காலங்களில் மட்டும் மீண்டும் நீர் தேங்குகிறது.

நாகோ ஊரைத் தாண்டியதும் கார்டா ஏரி கண்ணுக்குத் தெரியும். இத்தாலியின் மிகப் பெரிய ஏரி அது: பரப்பு 370 சதுர கி.மீ., மிகுதியான ஆழம் 346 மீட்டர். அந்தக் காட்சியில் மயங்கி ஓட்டிக்கொண்டே பார்க்காமல், நின்று பார்த்துவிட்டு இறங்குங்கள். தோர்போலே வரையிலான சரிவு மிகவும் செங்குத்தானது.

கார்டா கரை: கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய பகுதி

இந்தப் பயணத்தில் தவறு நேர இடமுள்ள பகுதி இதுவே. ஏரியைச் சுற்றி முழுமையான மிதிவண்டிப் பாதை இருக்கிறது என்று நம்பி வருபவர்கள் பலர். லிமோனே ஊரில் பாறைச்சுவரில் தொங்குவதுபோல் 2018-இல் திறக்கப்பட்ட இரண்டு கி.மீ. பாதையின் படங்கள் உலகெங்கும் பரவியதே அதற்குக் காரணம். அப்பாதை அழகானதுதான், ஆனால் அதைச் சென்று திரும்பும் உலாவாக வைத்துக்கொள்ளுங்கள், ஊடுவழியாக எண்ண வேண்டாம். மேற்குக் கரைச் சாலை 1931-இல் திறக்கப்பட்டது. பாறையைக் குடைந்த சுரங்கப்பாதைகள் அதில் அடுத்தடுத்து வருகின்றன. சில நீளமானவை, இருண்டவை, குறுகியவை. பேருந்துகளும் அதே வழியில் செல்கின்றன. மேற்குக் கரை வழியாக, ஏரியின் வடமுனையிலுள்ள ரீவாவிலிருந்து தெற்கே செல்வதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மீதமுள்ளவை மூன்று வழிகள். முதலாவது, கிழக்குக் கரைச் சாலையில் தோர்போலேயிலிருந்து மால்செசினே, டோரி, கார்டா, பர்டோலினோ, லாசீசே வழியாக பெஸ்கியேரா வரை சுமார் 60 கி.மீ. செல்வது. இதற்கு நேரம்தான் எல்லாம். விடியும்போதே புறப்பட்டால் பெலேர் முதுகில் தள்ளும். மகிழுந்துகள் இன்னும் எழுந்திருக்கா. இடப்புறம் பால்டோ மலையும் வலப்புறம் ஏரியும் துணைவரும். அதே சாலை பத்து மணிக்கு மேல் வண்டி நெரிசலாகவும், நண்பகலுக்குப் பின் எதிர்காற்றாகவும் மாறிவிடும். வடபகுதியில் குறுகிய சுரங்கங்கள் சில வருகின்றன. இத்தாலியச் சட்டப்படி சுரங்கப்பாதைக்குள் பகலிலும் ஒளிதிருப்பும் மேலங்கி அல்லது பட்டை அணிந்திருக்க வேண்டும். ஊர் எல்லைக்கு வெளியே, சூரியன் மறைந்த அரை மணி நேரத்திலிருந்து உதிப்பதற்கு அரை மணி முன்பு வரையும் அவ்வாறே. முன்னே வெள்ளை விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு, மணி ஆகியவை கட்டாயம். ஊருக்கு வெளியே ஒருவர்பின் ஒருவராகவே செல்ல வேண்டும். டிசம்பர் 2024 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், மிதிவண்டியை முந்தும் வாகனம் சாலை நிலைமை இடம் தரும் இடங்களில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்கிறது. குறுகிய ஏரிக்கரைச் சாலையில் அந்த இடைவெளியை எதிர்பார்த்து ஓட்டக் கூடாது.

இரண்டாவது வழி படகு. ஏரியின் பயணிகள் படகுகளுள் சிலவும், மகிழுந்துகளை ஏற்றும் பெரிய படகுகளும் மிதிவண்டிகளை ஏற்றிக்கொள்ளும். டோரிக்கும் மேற்குக் கரையிலுள்ள மதெர்னோவுக்கும் இடையே அத்தகைய பெரிய படகு ஓடுகிறது. சீட்டு வாங்கும்போதே அந்தக் குறிப்பிட்ட படகில் வண்டிக்கு இடமுண்டா என்று கேட்டுவிடுங்கள். குழந்தைகளுடன் வருபவர்களுக்கு இதுவே ஏற்ற வழி.

மூன்றாவது, மோரியில் ஏரிக்குத் திரும்பாமல் அடிஜேயுடனேயே தெற்கே சென்று, ஆலா, ஆவியோ ஊர்களைக் கடந்து, மலைகள் இருபுறமும் நெருக்கும் செராய்னோ இடுக்கு வழியாக ரிவோலி, அஃபி சென்று பெஸ்கியேராவில் இறங்குவது. மோரியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. ரிவோலி மேட்டில்தான் நெப்போலியன் 1797 ஜனவரியில் ஆஸ்திரியப் படையை வென்றார். போக்குவரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு இது பாதுகாப்பான வழி. என் விருப்பத்தைக் கேட்டால், தோர்போலேயில் ஓர் இரவு தங்கி, மறுநாள் விடியலில் கிழக்குக் கரையில் பெலேருடன் செல்வதையே சொல்வேன். கார்டா ஊருக்குத் தெற்கே நீரோரமாகச் செல்லும் உலாவிடங்களில் நடப்பவர்களுக்கே முதலிடம். பீச்சி ஆ மானோ என்று பலகை இருந்தால் வண்டியை இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும் என்று பொருள்.

நீரும் உணவும் பற்றி

ஊர்ச் சதுக்கங்களில் உள்ள குழாய்களின் நீரைப் பெரும்பாலும் குடிக்கலாம். அக்குவா நோன் பொட்டாபிலே என்றோ கைன் ட்ரிங்க்வாஸர் என்றோ எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. சிற்றூர்களில் மதிய உணவு பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரையே கிடைக்கும்; அதன் பின் இரவு ஏழு வரை சமையலறை மூடியிருக்கும், கடைகளும் பிற்பகலில் சாத்தப்படும். விடியலில் புறப்பட்டு நண்பகலில் நிறுத்தும் நம் முறைக்கு இது பொருந்திவருகிறது. இறைச்சி உண்ணாதவர்கள் வடக்கே கனேதெர்லி என்னும் ரொட்டி உருண்டைகளில் பன்றி இறைச்சி கலந்திருக்கக்கூடும் என்பதை அறிந்து, பாலாடைக்கட்டி அல்லது கீரை சேர்த்த வகையைக் கேட்க வேண்டும். அவசரத் தொலைபேசி எண் 112.

மிஞ்சோ ஆற்றுடன் மான்டோவாவுக்கு

பெஸ்கியேரா கோட்டையின் சுவர்களை ஏரிநீர் சூழ்ந்திருக்கிறது. வெனிஸ் குடியரசின் தற்காப்புக் கட்டுமானங்களுள் ஒன்றாக 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. கார்டா ஏரிக்கு உள்ள ஒரே போக்கு மிஞ்சோ ஆறு. அதன் தொடக்கத்திலிருந்து மான்டோவா வரை சுமார் 44 கி.மீ. நீளத்துக்கு மிதிவண்டிப் பாதை செல்கிறது. இது இத்தாலியின் மிக எளிய, மிக இனிய பாதைகளுள் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன். சற்று தொலைவில் சாலியோன்ஸே மதகுகள் வரும். ஏரியின் நீர்மட்டத்தை அவையே கட்டுப்படுத்துகின்றன. கீழே சமவெளியின் வயல்களுக்கு எவ்வளவு நீர் என்பது இங்கே முடிவாகிறது. ஆற்றுப் பாசனத்தில் வாழும் ஊர்களிலிருந்து வருபவர்கள் இவ்விடத்தில் நிற்காமல் போக மாட்டார்கள்.

அடுத்து வருவது வலேஜ்ஜோ ஊரின் போர்கெட்டோ. ஆற்றின் நடுவே நீராலைகளைக் கட்டி, அவற்றைச் சுற்றி எழுந்த சிறு குடியிருப்பு அது. ஆலைச் சக்கரங்கள் சில இன்றும் சுழல்கின்றன. மேலே, மிலானின் ஆட்சியாளர் ஜான் கலேயாட்ஸோ விஸ்கொன்டி 1393-இல் கட்டத் தொடங்கிய அணைப்பாலத்தின் செங்கற் சுவர்கள் பள்ளத்தாக்கின் குறுக்கே நீண்டு கிடக்கின்றன. பூரணம் வைத்து மடித்த மாவுணவான டோர்டெல்லீனியை இங்கே மெல்லியதாகச் செய்வார்கள்; வலேஜ்ஜோ அதற்குப் புகழ்பெற்றது. அதன் பூரணம் இறைச்சி. அடுத்த நாள் மான்டோவாவில் கிடைக்கும் பூசணிக்காய் டோர்டெல்லி இறைச்சி இல்லாதது, சற்றே இனிப்பானது. வார இறுதியில் போர்கெட்டோவின் தெருக்கள் நிரம்பிவழியும். காலை ஒன்பது மணிக்குள் கடந்துவிடுங்கள், அல்லது அங்கேயே ஓரிரவு தங்குங்கள்.

போர்கெட்டோவுக்குப் பின் குன்றுகள் முடிந்து, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களின் ஓரமாகப் பாதை மக்காச்சோள வயல்களுக்கிடையே செல்கிறது. இங்கே காட்சி சற்று ஒரே மாதிரியானது, வேகமாகக் கடந்துவிடலாம்.

மான்டோவாவை மூன்று பக்கங்களில் ஏரிகள் சூழ்ந்துள்ளன. மிஞ்சோ ஆறு இங்கே பரந்து உண்டாக்கிய சதுப்பை, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அல்பெர்டோ பிடென்டினோ என்னும் பொறியாளர் அணைகளால் ஒழுங்குபடுத்தி ஏரிகளாக்கினார். மேல் ஏரியின் நீர்மட்டம் மற்றவற்றைவிட உயர்ந்தது. இடையிலுள்ள பாலமே அணையாகவும் நிற்கிறது. நீங்கள் நகருக்குள் நுழைவதற்கு முன் அந்த ஏரியைச் சுற்றிப் பாருங்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அங்கே தாமரை பூத்துப் பரவியிருக்கும். நம் கோயிற்குளங்களில் பூக்கும் அதே இனம். 1921-இல் ஆய்வுக்காகக் கொண்டுவந்து நடப்பட்ட சில செடிகளிலிருந்து அது பெருகியது. இப்போது மற்ற நீர்த்தாவரங்களை நெருக்குவதால் ஆண்டுதோறும் வெட்டிக் கட்டுப்படுத்துகிறார்கள். கோடை வெப்பத்தைத் தாங்க முடிந்தவர்களுக்கு, நான் முன்னே சொன்ன பருவ விதியை மீறுவதற்கு இது ஒன்றே போதிய காரணம். கிராஸியே கிராமத்திலிருந்து படகுகள் தாமரைகளுக்கிடையே அழைத்துச் செல்கின்றன.

நகரத்தில் ஒரு முழு நாள் தங்குங்கள். அதன் பின்னும் கால்கள் கேட்டால், மிஞ்சோ போ ஆற்றில் கலக்கும் கோவெர்னோலோ வரை கரைமேட்டில் மேலும் சுமார் 20 கி.மீ. செல்லலாம், 652 கி.மீ. நீளமுள்ள இத்தாலியின் மிக நீண்ட ஆறு அங்கே எதிர்ப்படும். இக்கரைமேடுகளில் சரளை அதிகம், நிழல் குறைவு, கடைகள் இல்லை என்பதால் இரண்டு குப்பி நீருடன் செல்லுங்கள். இலையுதிர் காலத்தில் காலை மூடுபனி கரையையும் ஆற்றையும் ஒன்றாக மறைத்துவிடும். அது விலகும்வரை காத்திருந்து புறப்பட வேண்டும். திரும்பும்போது அதே வழியில் மான்டோவா வந்தால், அங்கிருந்து வெரோனாவுக்கு வட்டார ரயில் உண்டு. வண்டிக்கான சீட்டை நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம்.